‘பிங்கி சாப்பிட்டாள்’ என்று எழுதிய ஆறு நாட்கள்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மாதம் எங்கள் வீட்டில் துவைத்த துணி ஒன்றுகூட ஒழுங்காகக் காயவில்லை. ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் ஒரு ஊரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஷூ கம்பெனியில் தையல் லைன். என் கணவர் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வரும்போது லாரியில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு பிங்கியும் வந்தாள்.

பிங்கி எங்கள் பொமரேனியன் நாய். மகள் ஏழாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்க வைத்தது. நானே குளிப்பாட்டுவேன், நானே சோறு வைப்பேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள், கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டாள். நாய் எங்கள் தலையில். எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான், புதிதாக ஒன்றுமில்லை.

நான் சொல்கிற சமயத்தில் பிங்கிக்குப் பதினாலு வயது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. காது சுத்தமாகக் கேட்காது. வாசனையை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டுகொள்வாள். என் கையில் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஷூ ஒட்டுகிற பசை வாசனை போகாது. அதை மோந்ததும் வால் லேசாக அசையும். மூத்திரம் அடக்க முடியாது. மாடியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மழைக்குள் குடையோடு நின்று, அவள் ஒன்றுக்குப் போவாளா என்று காத்திருந்து, மறுபடி தூக்கிக்கொண்டு மேலே ஏறினால், தரையில் விட்ட மறு நிமிஷம் அங்கேயே போய்விடுவாள். பழைய சேலையெல்லாம் அவளுக்குக் கிழித்துப் போட்டே தீர்ந்துவிட்டது.

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முதல் ஷிஃப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு. ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நிற்க வேண்டும். வீடு திரும்ப மூன்று மணி ஆகும். அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பினால், அவர் வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு ஞாயிறு லீவு. உற்பத்தி லைன் ஓடாமல் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைதான் ஃபிட்டர்களுக்கு உண்மையான வேலை, அதுவும் விடிகாலையிலிருந்தே, அதனால் அவருக்குச் செவ்வாய் லீவு. ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணினோம் என்று பேர்தான்.

இப்படி இருந்ததால் பிங்கிக்கு ஒருநாள் ஒரே மாத்திரையை இரண்டு பேரும் கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம்தான் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். அவர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து போகிறவர், எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று ஒரு புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார். அதே மாதிரி நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார். சோறு, தண்ணீர், மூத்திரம், மாத்திரை என்று கட்டம் போட்டிருந்தார். நாயையும் மெஷினாக்கிவிட்டீர்களா என்று நான் கிண்டல் செய்தேன். ஆனால் வசதியாகத்தான் இருந்தது. காலைச் சோறு அவர் பொறுப்பு, சாயங்காலச் சோறு என் பொறுப்பு.

அந்தப் புத்தகம் எழுதுவதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. அதையும் அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு மெஷின் முனக ஆரம்பித்தால், தன் ஷிஃப்டில் அது நின்று தொலைக்கக் கூடாதே என்று எப்படியாவது எட்டு மணி நேரத்தை ஓட்டிவிட்டு, புத்தகத்தில் ஓகே என்று எழுதிவிட்டு பஸ் ஏறிவிடுவார்களாம். மெஷின் அடுத்தவன் ஷிஃப்டில் நிற்கும். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவன்தான். இப்படி எழுதுகிறவர்களை அவர் திட்டாத வாரம் கிடையாது.

பிங்கிக்கு வைத்தியம் பார்த்தது படப்பைப் பக்கம் ஒரு கால்நடை டாக்டரம்மா. மாடும் ஆடும் வந்து நிற்கிற இடத்தில், இந்தச் சின்ன நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நிற்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. டாக்டரம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டது, குணமாக்க முடியாது, ஆனால் சோறு இறங்குகிற வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எதையும் தொடவில்லையென்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், ஊசி போட்டு அனுப்பிவிடலாம், தள்ளிப்போட்டால் அவளுக்குத்தான் கஷ்டம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து நோட்டில் மற்றக் கட்டம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சோற்றுக் கட்டம் ஒன்றுதான்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து, கால் வீங்கிப்போய் வீட்டுக்குள் நுழைகிறேன், கதவுப் பக்கமே அவள் போய்வைத்திருக்கிறாள். வழுக்கி விழுந்தேன். முழங்காலில் சரியான அடி. வலியில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. “செத்துத் தொலையேன் சனியனே, எங்களையாவது நிம்மதியா இருக்க விடு” என்று கத்திவிட்டேன். அவளுக்குத்தான் காது கேட்காதே. நான் தரையில் கிடப்பதை மோந்துகொண்டே வந்து, என் கைக்குப் பக்கத்தில் படுத்து வாலை ஆட்டினாள். நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை சாயங்காலம், பிங்கி சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழையப் பிசைந்த தயிர்ச்சோறு, அவித்த முட்டை மஞ்சள் கரு கலந்தது. எப்போதும் தட்டை நக்கி முடித்துவிடுவாள். கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி விரலில் தொட்டு வைத்தேன். எனக்காகச் செய்கிற மாதிரி இரண்டு தடவை நக்கிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நோட்டைப் பார்த்தேன். காலையில் ‘சாப்பிட்டாள், அரைத் தட்டு’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. சரி, காலையில் சாப்பிட்டிருக்கிறாள், ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ‘கொஞ்சம் சாப்பிட்டாள்’ என்று எழுதினேன். சோற்றைக் கீழே கொண்டுபோய், வீட்டுக்கார அம்மா கோழி வளர்க்கிற மூலையில் கொட்டிவிட்டு வந்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், அந்தச் சனியனே என்ற வார்த்தைதான் காரணம். செத்துத் தொலை என்று சொன்ன அதே வாயால், இவள் சாப்பிடவில்லை, ஊசி போடக் கூட்டிப் போங்கள் என்று எப்படிச் சொல்வேன்? களைத்துப்போய் நான்தான் அவளை அனுப்பி வைத்தேன் என்று ஆகிவிடாதா?

வியாழனும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கோழி ஈரல் வாங்கி மஞ்சள் போட்டு அவித்து, ஊதி ஆறவைத்து, மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினேன். ஈரல் என்றால் உயிரை விடுகிறவள், தலையைத் தரையோடு வைத்துக்கொண்டாள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தாள். ஆனால் நோட்டில் ஒவ்வொரு காலையும் ‘சாப்பிட்டாள்’ என்றே இருந்தது. எனக்குப் பொறாமைகூட வந்தது. அவர் கையால் கொடுத்தால் சாப்பிடுகிறாள், என் கையால் கொடுத்தால் மாட்டேன் என்கிறாள், நான் திட்டியது எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றெல்லாம் நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் காலையில் ஒரு வேளை உள்ளே போகிறது என்ற அந்த ஒரு வரியை நம்பித்தான் என் பொய்யை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் முழு நாளும் அவளோடு இருந்தேன். அவர் நான் எழுவதற்குள், விடிகாலையிலேயே ‘சாப்பிட்டாள்’ என்று எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் சாக்கில் படுத்த இடத்தைவிட்டு எழவே இல்லை. வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. தூக்கினால் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. எப்போதும் முனகாதவள், இறக்கி வைக்கும்போது ஒரு சின்ன முனகல் முனகினாள். எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் சாயங்காலம் நோட்டை எடுத்து, அன்றைக்குக் ‘கொஞ்சம்’ என்பதைக்கூட விட்டுவிட்டு, ‘சாப்பிட்டாள்’ என்று எழுதினேன். திங்கட்கிழமையும் அதையேதான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நான் வேலையிலிருந்து வரும்போது, வீட்டுக்கார அம்மா மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்தான், நிலம் பாதி கம்பெனிக்குப் போய், மீதியில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. என்னை நிறுத்தி, தப்பாக நினைக்காதே என்று ஆரம்பித்தார்.

“ஏம்மா, ஒங்க நாயி சோறு துன்னுதா இல்லியா? காலைல ஒன் வூட்டுக்காரரு கொணாந்து கொட்றாரு, சாயந்தரம் நீ கொணாந்து கொட்ற. என் கோழிங்கதான் தயிர்சோறு துன்னுட்டுக் கொழுத்துக்கினு கீதுங்க.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். போன புதனிலிருந்தே என்றார். ஒரு நாள்கூட விடாமல், காலையிலும் சாயங்காலமும். அந்த அம்மா கீரை உருவிக்கொண்டே சொன்னார்.

மேலே போனேன். அவருக்கு லீவு நாள், வீட்டில்தான் இருந்தார். பிங்கிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டேன். கொஞ்சம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். காலையில் நீங்களும் சாயங்காலம் நானும் கோழிக்குக் கொட்டுவதைக் கீழே வீட்டுக்கார அக்கா சொல்லிவிட்டார் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. “அப்ப நீயுமா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கம்பெனியில் பொய் எழுதுகிறவனையெல்லாம் வாரம் தவறாமல் திட்டுகிற மனுஷன், வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் செய்தீர்களா என்று கத்தினேன். நீ மட்டும் என்ன யோக்கியம் என்று அவரும் கத்தினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சண்டை போட்டதில்லை. பிங்கி ஒன்றும் கேட்காமல் எங்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சத்தம் அடங்கிவிட்டது.

பிறகுதான் அவர் சொன்னார். “நீ எழுதினதப் பாத்துதான் நான் தைரியமா இருந்தேன். சாயங்காலமாவது சாப்பிடுதாளேன்னு.” கூடவே, “என் ஷிஃப்ட்ல இது வந்துரக் கூடாதுன்னு நெனச்சேன், அம்புட்டுதான்” என்றார்.

ஆக, அவர் பொய்யை நம்பி நானும், என் பொய்யை நம்பி அவரும் ஆறு நாளை ஓட்டியிருக்கிறோம். நான் விழுந்த அன்றைக்குத் திட்டியதை அவரிடம் முதல்தடவையாகச் சொன்னேன். அவர் என் முழங்காலைத்தான் பார்த்தார். காயம் அப்போதும் ஆறாமல் இருந்தது. விழுந்ததைக்கூட நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சரி, நாளைக்குக் காலையில் நானே கூட்டிப் போய்விடுகிறேன் என்றார். நாளைக்குக் காலையில் நான் லைனில் நின்றுகொண்டிருப்பேன். அவர் தனியாகப் போக வேண்டும். போக மனசு வராமல் இன்னொரு நாள் என்று ஆகும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. “நாளைக்கு வேண்டாங்க. இப்ப ரெண்டு பேரும் இருக்கோம், இப்பவே போயிருவோம்” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

அவளைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். வழி முழுக்கக் குண்டும் குழியும், மழைத் தண்ணீர் வேறு. ஒவ்வொரு தூக்கிப்போடலுக்கும் அவர் கூடைக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உதட்டை மெல்ல விலக்கி எங்களைப் பார்க்கச் சொன்னார். நாக்கு, ஈறு எல்லாம் புண். கிட்னி போனால் இப்படி ஆகும், எதுவும் விழுங்க முடியாது, வாயில் பட்டாலே எரியும் என்றார். நான் ஈரலைக் கொண்டுபோய் அந்த வாயில்தான் நீட்டியிருக்கிறேன். கஞ்சியை அந்த நாக்கில்தான் தடவியிருக்கிறேன். எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். இரண்டு நாள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன், அதுதான் உண்மை. ஆனால் அவர் ஆறு நாள் என்றார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளில் வரச் சொல்லியிருந்தேனே என்றார்.

“மறைச்சிட்டோம் டாக்டர்” என்றார் இவர்.

“யார்கிட்ட?”

டாக்டரம்மா குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். யாரிடம் மறைத்தோம்? வெளியே யாரோ ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டரம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. முதலில் மயக்க ஊசி, அப்புறம் இன்னொன்று, வலி தெரியாது என்று விளக்கினார். தலைமாட்டில் நில்லுங்கள் என்றார்.

நான் என் கையை அவள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேலையிலிருந்து வந்த கை, கழுவக்கூட இல்லை, பசை வாசனை அப்படியே இருந்தது. மூக்கு இரண்டு தடவை அசைந்தது. வால் அசைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அசைந்தது என்று அவர் சொல்கிறார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு சீக்கிரமே முடிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குள் முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றுதான் வந்தது. இனி துணி துவைக்க வேண்டாம், படி இறங்க வேண்டாம் என்று உடம்பு முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

வீட்டுக்கார அம்மா தன் மீதி நிலத்தில் ஒரு மூலையைக் காட்டினார். என் கணவர் மண்வெட்டி வாங்கிச் சேற்றில் குழி தோண்டினார். அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டீர்கள் என்று சொன்னார். அந்த வார்த்தையைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மகளுக்குப் பேசினேன். தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை என்று சொல்வதற்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கடைசியாக என்னம்மா சாப்பிட்டாள் என்று அவள் கேட்டாள். மனப்பாடம் எல்லாம் எங்கே போயிற்றோ, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவள் சொன்னாள், “நீங்க ரெண்டு பேர் இருந்தும் அவ தனியாவேதான்மா இருந்திருக்கா.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் வேலையை விட்டு வீட்டில்தான் இருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை, எனக்கு அதே முழங்கால். எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்கும்போது, நல்லாத்தான் இருக்கு என்று வாய் வரைக்கும் வருகிற பதிலை விழுங்கிவிட்டு, எங்கே வலிக்கிறதோ அதைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சின்ன விஷயத்தை நாங்கள் கற்றுக்கொள்வதற்கு, வாயெல்லாம் புண்ணாக ஒரு வாயில்லா ஜீவன் ஆறு நாள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.